காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்

ஜனவரி 5, ஞாயிறு

விரலை நீட்டியதற்காக இன்று திட்டு வாங்கினேன். யாரையும் பார்த்து நீட்டவில்லை. ஓர் அரசாணிக்காயைப் பார்த்து நீட்டினேன். பரங்கிக்காய்க்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்.

"வெரல மடக்கு அம்மிணி! பிஞ்சுல வெரல நீட்டுனா அழுகிப் போயிரும்னு எத்தன தடவ சொல்றது?" என்று பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். விரலை மடக்கி, முட்டியால் காட்டி, "அதுதானுங்க பெரியம்மா, அந்தப் பெருசு" என்றேன். முட்டியால் காட்டினால் அழுகாதாம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அது பிஞ்சும் இல்லை. இன்று டேப் வைத்து அளந்தேன். பெரியதன் சுற்றளவு 131 செ.மீ. சின்னது 112. சின்னது என்பது ஒரு பேச்சுக்குத்தான். அதை என் இரண்டு கைகளாலும் முழுதாகக் கட்டிப் பிடிக்க முடியாது.

இந்த நோட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன், பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. போன வருஷம் பள்ளியிலிருந்து மாவட்ட விவசாயக் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு பொட்டலத்தில் ராட்சத ரகம் என்று ஆறு விதைகள் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வழிகிற இடத்தில் நான்தான் குழி வெட்டினேன், சாணி எரு போட்டேன். ஒரு கொடிதான் பிழைத்தது. காலை ஆறு மணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவியதும் நான். காய்க்கு அடியில் ஆற்று மணல் பரப்பியதும் நான். இடம் மட்டும் பெரியப்பா பேரில் இருக்கிறது. தாத்தா போனபிறகு தோட்டம் முழுக்கப் பெரியப்பா நாச்சிமுத்து பேரில்தான் பட்டா. அப்பா தறிக்குப் போகிறார்.

இந்த வருஷக் கண்காட்சி மார்ச் 2. அதிக எடையுள்ள அரசாணிக்காய்க்குப் பரிசு உண்டு. பள்ளி அறிவிப்புப் பலகையில் விதி எழுதியிருந்தது: காய் காம்போடு இருக்க வேண்டும். வெடிப்போ அழுகலோ இருந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜனவரி 6, திங்கள்

மூன்று நாள் கொடிப் பக்கம் போகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். காரணம் எழுத வேண்டியதில்லை. மாதா மாதம் நடப்பதுதான்.

எங்கள் ஊரில் இதற்குத் 'தூரம்' என்று பேர். எவ்வளவு தூரம் என்று யாராவது மீட்டரில் சொன்னால் நானும் டேப் பிடித்து அளந்து, அங்கேயே நின்று கொடியைப் பார்த்துக்கொள்வேன். கேட்டதற்கு அம்மா, "வாய் பேசாத. காய் கருகிப் போச்சுன்னா உங்க பெரியம்மா என்னையத்தான் கேப்பாங்க" என்றாள்.

சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் மாட்டியிருக்கிறது. பால் வாங்காத நாளுக்கு அம்மா பெருக்கல் குறி போடுவாள். இன்றைய கட்டத்தில் பெருக்கலோடு சின்னதாக ஒரு புள்ளியும் இருந்தது. அது என் புள்ளி. வீட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது, காரணத்துக்கு மட்டும் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மூன்று நாளும் அம்மா தண்ணீர் விட்டிருக்கிறாள். ஆனால் வேரில் விடாமல் இலை மேலே ஊற்றியிருக்கிறாள். இரண்டு இலையில் சாம்பல் பூத்துவிட்டது. தூரமானவள் தொட்டால் கெடுமாம், தெரியாதவள் தொட்டால் கெடாதாம்.

ஜனவரி 19, ஞாயிறு

பெரியது 178. சின்னது 149.

ஒரு பிரச்சினை இருக்கிறது. இதை எப்படித் தூக்குவது? பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். கோளத்தின் கன அளவு போட்டேன். காய் உண்மையில் கோளம் இல்லை, மேலே அமுங்கி இருக்கிறது. உள்ளே கொஞ்சம் வெற்றிடம். இதையெல்லாம் கழித்தாலும், மாசி மாதத்துக்குள் பெரியது நூறு கிலோ வந்துவிடும்.

நூறு கிலோ அரிசி என்றால் இரண்டு மூட்டை. மூட்டைக்குக் காது உண்டு, பிடிக்கலாம். காய்க்குப் பிடி இல்லை. பிடி மாதிரி இருப்பது காம்பு ஒன்றுதான். அதைப் பிடித்தால் உடைந்துவிடும். காம்பு போனால் போட்டியும் போச்சு.

அப்பாவிடம் கேட்டேன். "நாலு ஆளு சேர்ந்தா தூக்கிரலாம் கண்ணு" என்றார். எதைப் பிடித்து என்று கேட்டேன். "அண்ணன் பார்த்துக்குவாரு" என்றார்.

ஜனவரி 30, வியாழன்

பெரியப்பா மகள் நித்யகலா அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் பெருந்துறையிலிருந்து வருகிறார்கள். பெரியதைப் பறித்து முன்வாசலில் கோலத்துக்கு நடுவில் வைக்கப் போகிறார்களாம்.

நான் பெரியப்பாவிடமே போய்க் கேட்டேன். "கண்காட்சிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குதுங்க பெரியப்பா. இப்பப் பறிச்சா அதுக்கு மேல வளராதுங்க."

"வளந்த வரைக்கும் போதும் சாமி. சம்பந்தி பார்க்கோணுமல்ல, நம்ம மண்ணு எப்படின்னு? அப்பறம் ஊட்டுக்குள்ள வெச்சிருந்து அதையே கண்காட்சிக்குக் கொண்டுபோயிரலாம். நானே அப்ளிகேசன் பாரம் எழுதிப் போட்டுட்டேன்."

"யாரு பேருலீங்க?"

"பட்டா யாரு பேருல இருக்குது?" என்று சிரித்தார். பக்கத்தில் பந்தல் போட வந்தவர்களும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பிப்ரவரி 1, சனி

அம்மா இன்று ஒரு புள்ளி வைத்துவிட்டாள். நாளைக்குத்தான் தூக்கப் போகிறார்கள், நான் பின்பக்கம் போகக்கூடாது. அதனால் ஒரு தாளில் எழுதி அப்பா கையில் கொடுத்தேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். கொடியை இரண்டு பக்கமும் வெட்டுங்கள், காம்பில் ஒரு சாண் கொடி ஒட்டியிருக்கட்டும். முதலில் அடியில் இருக்கும் மணலைத் தோண்டி எடுங்கள், உருட்டாதீர்கள். சாக்கை அடியில் நுழைத்து நாலு முனையையும் நாலு பேர் பிடியுங்கள். போகிற வழியில் இருக்கும் துவைக்கிற கல்லை முதலில் நகர்த்துங்கள். ஒரே ஆள் மட்டும் 'தூக்கு', 'நில்லு' என்று சொல்லட்டும். காலில் செருப்பு போடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், காம்பைப் பிடிக்காதீர்கள்.

அப்பா வாங்கி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

உடைந்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. அழுகையால் இல்லை, கோபத்தால்.

மொட்டைமாடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். காலை ஏழரை மணிக்கு நல்ல நேரம் என்று அவசரப்பட்டார்கள். ஒருத்தர், "ஜேசிபி கூப்புடுங்க" என்று கிண்டல் செய்தார். தூக்க நின்றவர்கள் அப்பா, பந்தல்காரர்கள் இரண்டு பேர், பெரியப்பா. சாக்கு இல்லை. மூன்று பேர் வெறும் கையை அடியில் கொடுத்தார்கள். பெரியப்பா முன்னால் நின்று காம்பைப் பிடித்துக்கொண்டார், ரேக்ளா வண்டியில் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி.

"காம்பைப் புடிக்காதீங்க பெரியப்பா!" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"அங்க நின்னு கத்தாத! உள்ள போ!" என்று பெரியம்மா கத்தினார்.

முழங்கால் உயரம் தூக்கினார்கள். பத்தடி நடந்தார்கள். காம்பு 'டக்' என்று கையோடு வந்துவிட்டது. பெரியப்பா பின்னால் சாய்ந்தார், காய் முன்னால் சாய்ந்தது. துவைக்கிற கல்லின் விளிம்பில் இடித்து, இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அப்பாவின் காலில் விழுந்தது. உள்ளே ஆரஞ்சு நிறம். அவ்வளவு அழகான நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

பெரியப்பா கையில் காம்பை வைத்துக்கொண்டு நின்றார். சொன்ன முதல் வார்த்தை: "ஊட்டுல தீட்டு இருக்கறப்பக் கை வெச்சிருக்கக் கூடாது."

நான் மாடியில் இருந்தேன். முப்பதடி தூரம். முந்தின நாளிலிருந்தே கொடிப் பக்கம் போகவில்லை. காம்பைப் பிடித்தது யார் கை? கல்லை நகர்த்தாதது யார்? இதையெல்லாம் கேட்க வாயைத் திறந்தேன். அம்மா படியேறி வந்து என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போய்விட்டாள். அவளும் அதையே நம்புகிறாள் போல. ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அறைக்குள் விட்டுவிட்டு, வெளியே கதவோரமாக வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தாள்.

மத்தியானம் சம்பந்திகளுக்கு அரசாணிக்காய்க் கூட்டும் புளிக்குழம்பும் போட்டார்கள். அறுபது பேர் சாப்பிட்டார்கள். என்ன ருசி, என்ன ருசி என்றார்கள். எனக்கும் தனித்தட்டில் வந்தது. சாப்பிடக்கூடாது என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அதற்காகவும் கோபமாக இருக்கிறது.

அப்பாவின் கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

சின்னது 166. வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இனி அதுதான் கண்காட்சிக்கு. பாரத்தில் பெரியப்பா பேர் அப்படியேதான் இருக்கிறது.

துவைக்கிற கல்லை யாரோ நகர்த்திச் சுவரோரம் போட்டிருக்கிறார்கள். நொண்டிக் காலோடு இதை யார் செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பள்ளிவிட்டு வரும்போது முத்துசாமி தோட்டத்தில் கூட்டமாக இருந்தது. கிணற்றில் இருந்து மோட்டாரை மேலே எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தவர் மோட்டார் மெக்கானிக் ஜெயசீலன் அண்ணன். மூன்று இரும்புக் குழாய்களை மேலே சேர்த்து முக்காலி மாதிரி நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக் மாட்டியிருந்தார். ஒரே ஆள், ஒரு கையால் சங்கிலியை இழுக்க இழுக்க, அத்தனை பெரிய மோட்டார் குழாயோடு ஆடாமல் அசையாமல் மேலே வந்தது. யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். புத்தகப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

ஜெயசீலன் அண்ணன் கடைக்குப் போனேன்.

"மோட்டாருக்குத்தான் அம்மிணி முக்காலி. காய்கறிக்கு நான் போறதில்ல" என்றார்.

"முந்தாநேத்து எடுத்த மோட்டார் எத்தன கிலோங்கண்ணா?"

"பைப்போட நூத்தியம்பது வரும்."

"எங்க காய் எண்பதுக்கு மேல போகாதுங்க."

"மோட்டாரு கீழ விழுந்தா புதுசாக் கம்பி சுத்தி ஓட்டிரலாம். உங்க காய் விழுந்தா?"

"கூட்டு வெக்கலாங்க. ஏற்கெனவே ஒண்ணு வெச்சாச்சு."

சிரித்துவிட்டார். ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. கண்காட்சிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார். என்ன தரவேண்டும் என்று கேட்டதற்கு, "டீ போடத் தெரியுமா எஞ்சினியரம்மா? அது போதும்" என்றார். பெரியப்பா கிரேன் வைக்கக் காசு தரமாட்டார் என்பதும் ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

கயிறு சரிப்படாது. சோதனைக்கு ஒரு சாக்கில் மணலை நிரப்பித் தேங்காய் நார்க்கயிற்றில் கட்டி, வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டேன். கயிறு சாக்கை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. காய்த் தோலில் கோடு கோடாக விழும்.

அகலமாக இருக்க வேண்டும், மென்மையாக இருக்க வேண்டும், அறுந்தும் போகக்கூடாது. இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அம்மா எழுந்து பரண்மேல் இருந்து ஒரு நூல் சேலையை எடுத்துப் போட்டாள்.

"தூளி கட்டுன சேலை. எட்டு மாசத்துல நீயே அரசாணிக்காயாட்டத்தான் இருந்த. அன்னைக்கே கிழியல" என்றாள்.

அம்மா கேலி பேசினால் முகத்தில் ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மாவும் நானும் ஒத்திகை பார்த்தோம். இரண்டு சேலைகள், கூட்டல் குறி மாதிரி. சேலையைக் கனத்துக்கு அடியில் எப்படி நுழைப்பது என்று தெரியாமல் விழித்தேன். அம்மா ஒரு மூங்கில் பட்டையின் நுனியில் சேலையைக் கட்டி, அடியில் இருக்கும் மணலைக் கையால் பறித்துவிட்டு, பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துவிட்டாள். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

சேலை நழுவாமல் இருக்கக் காயின் இடுப்புக்குக் கீழே சுற்றி ஒரு கயிறு. மேலே நாலு முனையையும் சேர்த்துத் தூளி முடிச்சு. இரண்டு சாக்கில் மணல் நிரப்பி, நூறு கிலோவைக் கிளையில் தொங்கவிட்டு, பத்து நிமிஷம் நின்று பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. அம்மாதான் முதலில் சிரித்தாள்.

பிறகு, "சனிக்கெழம தான தூக்கறது?" என்றாள். ஆமாம் என்றேன். சமையலறைக்குப் போய்க் காலண்டர் முன்னால் நின்றாள். அவள் எதை எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் எண்ணியிருக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

சின்னது 181. இதற்கு மேல் வளரவில்லை. வயிறு வலிக்கிறது. எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 1, சனி

காலையில் எழுந்ததும் அம்மா, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

நான் பொய் சொல்கிறவள் இல்லை. இந்த நோட்டில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் நான் மாடியில், அவர்கள் கீழே, காம்பு யாருடைய கையிலோ. போன முறை உண்மையாக இருந்ததற்கு என்ன கிடைத்தது? பழியும் கூட்டும்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வெள்ள சுடிதார் வேண்டாம். மண்ணு படும். கருநீலத்தப் போட்டுக்க" என்று எடுத்து வைத்துவிட்டுப் போனாள். தப்பித்தேன்.

எட்டு மணிக்கு ஜெயசீலன் அண்ணன் வந்தார். முக்காலியின் மூன்று கால்களுக்கும் அடியில் பலகை வைத்தோம், ஈர மண்ணில் இறங்காமல் இருக்க. பெரியப்பா வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இந்த ஒரு காய்க்கு இத்தன வேஷமா? ரெண்டு ஆளுப் புடிச்சா..." என்று ஆரம்பித்தார்.

அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்து, நாலு மூலையும் நைந்து போயிருந்தது. நான் போன மாதம் எழுதிக் கொடுத்தது. "அம்மிணி, நீ ஒவ்வொண்ணாச் சொல்லு. நாங்க செய்யறோம்" என்றார். அண்ணனுக்கு எதிரில் அப்பா இத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அது இரண்டே வாக்கியம்தான்.

சொன்னேன். கொடியை வெட்டினார்கள். மணலைப் பறித்தார்கள். அம்மா நாடா கோர்த்தாள், முடிச்சுப் போட்டாள். நான் இடுப்புக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். இரண்டு கைகளாலும் காயைத் தொட்டேன், காதை வைத்துக்கூடப் பார்த்தேன். தோல் குளிர்ச்சியாக இருந்தது. கருகவில்லை. வெடிக்கவில்லை.

"தூக்குங்க" என்றேன். சங்கிலி கடகடவென்றது. சேலை இறுகியது. ஒரு சாண் மேலே வந்ததும், "நில்லுங்க" என்றேன். குனிந்து அடியைப் பார்த்தேன். அழுகல் இல்லை. மறுபடி "தூக்குங்க". இடுப்பு உயரம் வந்ததும் குட்டியானை வண்டியைப் பின்னால் எடுத்து அடியில் நிறுத்தினார்கள். உள்ளே பழைய லாரி டயர், அதற்குள் வைக்கோல். குடத்துக்கு அடியில் வைக்கிற பிரிமணை மாதிரி. "எறக்குங்க. மெதுவா. இன்னும் மெதுவா."

உட்கார்ந்துவிட்டது. யாருடைய காலும் நசுங்கவில்லை. மொத்தம் இருபத்தைந்து நிமிஷம்.

பெரியப்பா வண்டியில் ஏறிப் பார்த்தார். கை தன்னாலே காம்புக்குப் போனது. "பெரியப்பா!" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 'காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்' என்று எழுதிக் காயின்மேல் கட்டிவிட்டேன்.

டீ நான்தான் போட்டேன். ஜெயசீலன் அண்ணன் இரண்டு டம்ளர் குடித்தார்.

மார்ச் 2, ஞாயிறு

கண்காட்சித் திடலில் முக்காலி இல்லை. ஆனால் சேலையை அவிழ்க்காமலே கொண்டு போயிருந்தோம். முடிச்சுக்குள் ஒரு மூங்கிலைக் கொடுத்து, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், பல்லக்கு மாதிரி எடைமேடைக்குக் கொண்டு போனார்கள். தொண்டர்கள் இரண்டு பேர் உதவி செய்கிறேன் என்று காம்பைப் பிடிக்க ஓடி வந்தார்கள். அட்டையைப் படித்துவிட்டு நின்றுவிட்டார்கள். எழுத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

சேலை போக எடை 73 கிலோ 400 கிராம்.

பதிவு மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "வளர்த்தவர் நாச்சிமுத்து. சரிங்களா? எப்படி வளர்த்தீங்கன்னு ரெண்டு வரி சொல்லுங்க, அட்டையில எழுதோணும்" என்றார்.

பெரியப்பா காயின்மேல் கையை வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எருவெல்லாம் அப்பறம்ங்க. சுத்தபத்தமா இருக்கோணும். தூரமான பொம்பளைங்க நெழலு படக்கூடாது. இதவிடப் பெருசு ஒண்ணு இருந்துச்சுங்க, ஊட்டுல அப்படி ஆனதுல போன மாசம் கைதவறிப் போச்சு. இத ரொம்ப ஜாக்கிரதையா வளத்துனோம்."

அந்த அம்மா எழுத ஆரம்பித்தார். என் பழியை அட்டையில் எழுதிக் காய்க்குப் பக்கத்தில் மூன்று நாள் வைக்கப் போகிறார்கள். எனக்குச் சொல்ல நூறு விஷயம் இருந்தது. காம்பு, கல், சாக்கு, சோதனை, எல்லாம் நாள் வாரியாக. ஆனால் எதை முதலில் சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே நின்றேன்.

"மாமா" என்றாள் என் அம்மா, பெரியப்பாவைப் பார்த்து.

அம்மா பெரியப்பாவுக்கு எதிரில் நின்று பேசியதே இல்லை. பெரியப்பாவே யார் கூப்பிட்டது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"எம்புள்ள கௌசிகாவுக்கு இன்னைக்கு மூணாம் நாளுங்க. நேத்து ரெண்டாம் நாளு. நேத்து அவதான் கட்டுனா, அவதான் தொட்டா, அவ சொல்லித்தான் தூக்குனது. காய் நல்லாத்தானுங்க இருக்குது."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்கிற குரல்தான்.

பெரியப்பா காயிலிருந்து கையை எடுத்தார், சூடான சட்டியில் வைத்துவிட்ட மாதிரி. வேட்டியில் துடைத்தார். சுற்றி நின்றவர்களில் ஓர் ஆள் இரண்டடி பின்னால் போனார். இன்னொருவர், "அட, அப்பவும் நல்லாத்தான இருக்குது?" என்றார். யாரோ சிரித்தார்கள்.

"எம்பேர அடிச்சிருங்க" என்றார் பெரியப்பா.

"அடிச்சா வேற யார் பேருங்க எழுதறது?"

"யாரு பேரோ. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." திரும்பிப் பார்க்காமல் டிராக்டர்கள் நிறுத்தியிருந்த பக்கம் நடந்துவிட்டார்.

மேசையில் இருந்த அம்மா பேனாவால் ஒரு கோடு போட்டார். என்னைப் பார்த்தார். "பேரச் சொல்லும்மா" என்றார்.

இப்போதும் எனக்குக் கோபம்தான். என் பேர், எனக்கு உரியதாக இருந்ததால் எழுதப்படவில்லை. ஒருத்தர் பயந்துபோய்க் கீழே போட்டுவிட்டுப் போனதால் எழுதப்பட்டது. வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்பா பின்னாலிருந்து, "சொல்லு கண்ணு" என்றார். சொன்னேன். எப்படி வளர்த்தேன் என்று இரண்டு வரி கேட்டார். இருபது வரி சொன்னேன். பாவம், ஏழு வரி எழுதினார்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசுக் காய் 88 கிலோ. பெரியது இருந்திருந்தால் நூறுக்கு மேல். இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பஸ்ஸில் வரும்போது தண்ணீர் பாட்டிலுக்காக அம்மா பையைத் திறந்தேன். சேலைக்கு அடியில் புதுப் பொட்டலம், நாப்கின். எனக்கென்று எடுத்து வைத்தது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தேன். பின்னால் மடித்திருந்த பிப்ரவரித் தாளைத் திருப்பிப் பார்த்தேன். 28ஆம் தேதிக் கட்டத்தில், சின்னதாக, ஒரு புள்ளி.

மார்ச் 5, புதன்

கண்காட்சி முடிந்து காய் வீட்டுக்கு வந்துவிட்டது. அதே சேலையில், அதே மூங்கிலில். முன்னறையில் டயர்மேல் வைத்திருக்கிறோம். அழுகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அழுகவில்லை. அம்மா இன்று என்னிடம், "அடுத்த தடவ தண்ணி வேருலதான் விடோணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எனக்குச் சொன்னாத் தான தெரியும்" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

அழுகவில்லை.

தினமும் காலையில் பெரியப்பா எங்கள் வாசல் வழியாகப் போகிறார். அவர் வீட்டிலிருந்து பால் சொசைட்டிக்குக் குறுக்கு வழி வேறு இருக்கிறது. இருந்தாலும் இந்த வழியாகத்தான் போகிறார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. இன்று நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"இன்னும் அழுகலையா?" என்றார்.

"வந்து பாருங்க பெரியப்பா."

"இங்கிருந்தே தெரியுது. அடியில மெத்துன்னு ஆயிருக்குமே?"

"எங்கீங்க?"

"அந்தா, அங்க" என்றார். பழக்கம் போகவில்லை, விரலை மடக்கி முட்டியால்தான் காட்டினார்.

நான் எழுந்து காய்க்குப் பக்கத்தில் போனேன். சுட்டுவிரலை நேராக நீட்டி, அவர் காட்டிய இடத்தில் தோலைத் தொட்டு அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது.

"இங்கீங்களா?" என்றேன். விரலை எடுக்கவில்லை.